வரைந்த பெண்ணும் திருத்திய பெண்ணும்

1950-களின் அமெரிக்கப் பெண்கள் இதழ்களில் கோடை வந்துவிட்டால் நீச்சலுடை விளம்பரங்கள் நிறைந்துவிடும். அவற்றில் பலவும் ஓவியங்கள். போர்ட்லாண்டின் ஜான்ட்சன் நீச்சலுடை நிறுவனத்துக்கு ஓவியர் பீட் ஹாலி வரைந்தவை அப்படிப்பட்டவை.

அந்தக் காலத்து ஃபேஷன் கோட்டோவியம் ஒன்றை நிதானமாகப் பாருங்கள். கழுத்தில் தொடங்கும் மைக்கோடு இடுப்பில் ஒடுங்கிக் கணுக்கால் வரை ஒரே வீச்சில் இறங்கும். முகத்துக்குப் புருவமும் உதடும் போதும். ஓவியரின் உழைப்பெல்லாம் மார்புக் கச்சையின் மடிப்பிலும் பக்கத் தையலிலும் தெரியும். மனித உடலின் உயரம் ஏழரைத் தலை அளவு. ஓவியத்துப் பெண்ணோ ஒன்பது தலை உயரம். அப்படி ஒருத்தி உலகில் இல்லை என்பது வாசகிக்குத் தெரியும். அவள் பார்த்தது உடையின் வெட்டை.

உடையும் அதற்கேற்றதுதான். உள்ளே விறைப்பான கம்பிகள், முதுகில் ஜிப், ரப்பர் இழை சேர்ந்த லாஸ்டெக்ஸ் துணி. இடுப்பைப் பிடித்து வடிவம் தருவது துணியின் வேலையாக இருந்தது. நீந்துவதைவிடக் குளக்கரையில் நிற்பதற்கே அது பொருத்தம்.

புகைப்படம் முன்பே வந்துவிட்டது. வோக் இதழின் முதல் வண்ணப் புகைப்பட அட்டை 1932 ஜூலையில் வந்தது. எட்வர்ட் ஸ்டைக்கன் எடுத்த அந்தப் படத்தில் இருப்பவளும் நீச்சலுடைப் பெண்தான். ஆனாலும் ஓவியம் உடனே சாகவில்லை. நியூயார்க்கில் இளம் ஆண்டி வார்ஹோல் 50-களில் காலணி விளம்பரங்களும் வரைந்து பிழைத்தார். அடுத்த பத்தாண்டுகளில் விளம்பர ஓவியப் பிழைப்பு சுருங்கிப்போனது.

1958-இல் டூபான்ட் ஆய்வகத்தில் ஸ்பான்டெக்ஸ் இழை பிறந்தது. கம்பிகள் போயின, துணி மெலிந்தது, நீந்த எளிதானது. ஆனால் துணி செய்துவந்த வேலை உடம்பின் மேல் விழுந்தது. புகைப்பட விளம்பரத்தில் இருப்பவள் நிஜப் பெண் என்பதால், அவளைப் போல இருக்க முடியும் என்ற நம்பிக்கையும் வந்தது. பின்னாளில் அந்தப் படமோ கணினியில் இடுப்பு குறைக்கப்பட்டு, தோல் மெருகேற்றப்பட்டது. பார்ப்பவளுக்கு அது தெரியாது.

உடல்வாகு மாற்றப்பட்ட விளம்பரப் படங்களில் அதை எழுதியாக வேண்டும் என்று பிரான்ஸ் 2017-இல் விதித்தது. 2025 ஆகஸ்ட் அமெரிக்க வோக்கில் கெஸ் ஆடை நிறுவன விளம்பரத்துப் பெண்ணைச் செயற்கை நுண்ணறிவு உருவாக்கியிருந்தது. அந்தத் தகவல் பொடி எழுத்தில் இருந்தது.

மைக்கோடு தன்னை ஓவியம் என்று மறைக்காமல் காட்டியது. இன்றைய படமும் அதே நேர்மையோடு, கண்ணில் படும் எழுத்தில், தான் யார் என்பதைச் சொல்ல வேண்டும். அதைச் சட்டம் கேட்பது நியாயம்தான்.