லயத்துக்கு எப்போது முறை வரும்?

முழு ஆண்டுக்குமான ஆதன வரியை ஜனவரி 31க்குள் கட்டினால் நூற்றுக்குப் பத்து கழிவு உண்டு. கட்டுகஸ்தோட்டையில் குடியிருக்கும் நான் அதைத் தவறவிடுவதில்லை. கண்டி மாநகர சபை யார் கையையும் பாராமல் திரட்டக்கூடிய பணம் அது. வீட்டின் ஆண்டுப் பெறுமதியில் ஒரு பங்குதான் வரி. அந்தப் பெறுமதியை வருடா வருடம் திருத்துவதில்லை. அதனால் விலைவாசி எவ்வளவு எகிறினாலும் வரிச்சீட்டில் பழைய தொகைதான் இருக்கும்.

செலவு அப்படிக் காத்திருக்குமா? 2022 தொடக்கத்தில் லீற்றர் 121 ரூபாவுக்கு விற்ற டீசல், ஜூன் கடைசியில் 460 ரூபா. குப்பை லொறி கொஹாகொடக் குப்பை மேட்டுக்குப் போயே ஆகவேண்டும். கெட்டம்பேயில் மகாவலித் தண்ணீரை இறைத்து நகரத்துக்குக் கொடுப்பதும் மாநகர சபைதான். மின் கட்டணமோ 2022 ஓகஸ்டில் சராசரி 75 வீதமும், 2023 பெப்ரவரியில் 66 வீதமும் கூடியது.

காணி கைமாறும்போது கட்டும் முத்திரைத் தீர்வையும் நீதிமன்றத் தண்டப்பணமும் மாகாணத்தின் வழியாகச் சபைகளுக்கு வந்து சேரும். பொருளாதார நெருக்கடியில் யார் காணி வாங்குவார்? ஊழியர் சம்பளத்தில் பெரும்பகுதியைத் திறைசேரி தருகிறது. ஆகவே ஆள் இருப்பார், லொறிக்கு எண்ணெயும் பாதைக்குத் தாரும் இராது.

நகரத்துக்காவது இத்தனை வழி. என் அக்கா கலஹா பக்கத் தோட்டமொன்றில் லயத்து வரிசை வீட்டில் இருக்கிறார். மழை விழுந்தால் அங்கே ஆட்டோ ஏறாது. காய்ச்சல்காரரைக் கதிரையில் வைத்து நாலு பேர் கீழ் ரோட்டுக்குத் தூக்கி வருகிறார்கள். பாதை இல்லாததற்குச் சட்டமும் ஒரு காரணம்: 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைப் பணத்தைச் செலவிட இடம் தரவில்லை. எங்கள் தோட்டத்து ஆட்கள் வாக்குப் போட்டார்கள், உறுப்பினராகவும் போய் உட்கார்ந்தார்கள். ஆனாலும் லயத்துக்கு ஒரு கானைக்கூடக் கட்டிக் கொடுக்க முடியவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் இந்த அநியாயம் சட்டமாகவே இருந்தது.

2018இல் அந்தப் பிரிவைத் திருத்தினார்கள். கதவு திறந்தது, பெட்டி காலியானது. அடுத்த வருடம் ஈஸ்டர் குண்டுவெடிப்பு, பிறகு கொரோனா, 2022 ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்ற அறிவிப்பு. 2023 மார்ச் 9இல் நடக்கவிருந்த உள்ளூராட்சித் தேர்தலும் பணமில்லையென்று தள்ளிப்போனது. பத்து நாளில் சபைகளின் காலமும் முடிந்து, நிர்வாகம் அதிகாரிகள் கைக்குப் போனது. தேர்தலை நடத்தாதது அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாக்குப் போட்டதென்னவோ 2025 மே 6இல்தான். பணம் இல்லாத காலத்தில்தான் எந்த வேலை முதலில் என்று கேட்க ஆள் வேண்டும். அந்த இரண்டு வருடமும் அக்காவுக்குக் கேட்க ஒரு உறுப்பினர் இருக்கவில்லை.

இப்போது இருக்கிறார். வரும் வருடத்து வரவு செலவுத் திட்டத்தில் லயத்துப் பாதையைச் சேர்க்கும்படி அக்காவும் பக்கத்து வீட்டுக்காரர்களும் கையெழுத்து வைத்து அவரிடம் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். முத்திரைத் தீர்வைக் காசு வந்ததும் பார்ப்போம் என்றாராம். எந்த மாதம் வரும் என்று கேட்டு இன்னொரு கடிதம் எழுதச் சொல்லியிருக்கிறேன்.