அரிசியா, பணமா? கவர்னருக்கும் முதல்-மந்திரிக்கும் நடந்த சண்டை

புதுச்சேரியில் இருந்து விழுப்புரம் போகும் சாலையில், வில்லியனூரைத் தாண்டினால் அரியூர். நெல்லும் கரும்பும் விளையும் பூமி. நெல் விளையும் ஊரில் அரிசிக்குக் கவலையா என்று கேட்கலாம். நிலம் உள்ளவர் வீட்டில் நெல் இருக்கும். கூலிக்கு நாற்று நடும் பெண்ணின் வீட்டில்? ரேஷன் அரிசிதான்!

அந்த அரிசியை வைத்துத்தான் புதுச்சேரியில் பெரிய அரசியல் சண்டை நடந்தது.

இருவர்

2016 மே மாதம் கிரண் பெடி துணைநிலை கவர்னராக வந்தார். நாட்டின் முதல் பெண் ஐ.பி.எஸ். அதிகாரி அவர். அடுத்த மாதம் காங்கிரஸ் கட்சியைச் சேர்ந்த நாராயணசாமி முதல்-மந்திரி ஆனார்.

சிவப்பு அட்டைக்கு மாதம் 20 கிலோ, மஞ்சள் அட்டைக்கு 10 கிலோ இலவச அரிசி. இது புதுச்சேரி அரசின் திட்டம். "அரிசியாகவே கொடுக்கவேண்டும்" என்றார் முதல்-மந்திரி. "பணமாக வங்கிக் கணக்கில் போடவேண்டும்" என்றார் கவர்னர்.

பணம் நேராக மக்களுக்குப் போகும், நடுவில் யாரும் கைவைக்க முடியாது என்பது கவர்னர் தரப்பு வாதம். பணம் அடுப்படிக்கு வராது, வேறு செலவுக்குப் போய்விடும் என்பது ஆளுங்கட்சியின் வாதம். மக்கள் ஓட்டுப் போடாத ஒருவர் மக்கள் ஆட்சியை முடக்குகிறார் என்று காங்கிரஸ் சாடியது. தன் குறையை மறைக்கக் கவர்னர்மீது பழி போடுகிறார்கள் என்று எதிர்த்தரப்பு திருப்பித் தாக்கியது.

நடுத்தெருவில் முதல்-மந்திரி

2019 பிப்ரவரி 13-ந் தேதி நாராயணசாமி கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு கவர்னர் மாளிகை முன்பு உட்கார்ந்துவிட்டார். மந்திரிகளும் உட்கார்ந்தார்கள். இரவில் ரோட்டிலேயே படுத்தார்கள். 18-ந் தேதி கவர்னருடன் பேச்சு நடந்தது. போராட்டம் முடிந்தது. அரிசிச் சண்டை முடியவில்லை.

கவர்னரும் மந்திரிசபையும் ஒத்துப்போகாவிட்டால், விஷயத்தை ஜனாதிபதிக்கு அனுப்பவேண்டும். 1963-ம் ஆண்டுச் சட்டம் அப்படி. அதாவது முடிவு டெல்லியில்! டெல்லி, "பணம்" என்றது. முதல்-மந்திரி ஐகோர்ட்டுக்குப் போனார். 2020 பிப்ரவரியில் அவருடைய மனு தள்ளுபடி ஆயிற்று.

கணக்கு என்ன?

20 கிலோ அரிசிக்குப் பதில் 600 ரூபாய். கிலோவுக்கு 30 ரூபாய். கடையில் அரிசி கிலோ 50 ரூபாய் என்றால், 600 ரூபாய்க்குக் கிடைப்பது 12 கிலோ. மீதி 8 கிலோவுக்கு யார் பணம் போடுவது? அந்தப் பணமும் மாதம் தவறாமல் வந்ததா என்றால், அதுவும் இல்லை.

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கலாம். ஆனால் ரேஷன் கடைகள் மூடிக்கிடந்ததற்கு என்ன நியாயம்? கடை ஊழியர்கள் சம்பளம் கேட்டுப் போராடினார்கள். கடை வேண்டாம் என்று எந்தத் தலைவரும் மேடையில் சொல்லவில்லை. கடை மட்டும் திறக்கவில்லை!

கட்சி மாறியது

2021 பிப்ரவரி 16-ந் தேதி கிரண் பெடி நீக்கப்பட்டார். 22-ந் தேதி நாராயணசாமி மந்திரிசபை கவிழ்ந்தது. அந்த மந்திரிசபையில் இருந்தவர் வில்லியனூர் எம்.எல்.ஏ. நமச்சிவாயம். அதற்கு முந்திய மாதமே அவர் பா.ஜ.க.வில் சேர்ந்துவிட்டார். அரிசி கேட்ட மந்திரி, பணம் என்ற கட்சிக்குப் போனார்!

மே மாதம் என்.ஆர். காங்கிரஸ் தலைவர் ரங்கசாமி, பா.ஜ.க. கூட்டணியோடு முதல்-மந்திரி ஆனார். மத்திய அரசு தரும் ரேஷன் தானியத்துக்குப் பதில் பணம் கொடுப்பது 2015 செப்டம்பரில் தொடங்கியபோதும் அவர்தான் முதல்-மந்திரி.

இப்போது திட்டுகிற முறை காங்கிரசுக்கு வந்தது. 2024 பாராளுமன்றத் தேர்தலில் ரேஷன் கடை ஊருக்கு ஊர் பேச்சாயிற்று. நமச்சிவாயம் பா.ஜ.க. வேட்பாளர். காங்கிரசின் வைத்திலிங்கம் ஒரு லட்சத்துக்கும் அதிகமான ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார்.

அதே ஆண்டு அக்டோபரில், தீபாவளிக்கு முன் ரேஷன் கடைகள் திறந்தன. 10 கிலோ அரிசி, 2 கிலோ சர்க்கரை. கொடுத்தது ரங்கசாமி அரசு. பா.ஜ.க.வும் அந்த மந்திரிசபையில் இருந்தது.