சர்வர் மாறியதும் காணாமல் போன மின்னஞ்சல்கள்: மீட்பது எப்படி?

துபையிலோ தம்மாமிலோ வேலை பார்ப்பவரின் பணி ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, இகாமா நகல், ஊரில் பிள்ளைகளின் கல்லூரிச் சேர்க்கைத் தாள்கள், ஜமாஅத் அலுவலகத்தின் கடிதப் போக்குவரத்து என எல்லாமே இன்று பீரோவைவிட மின்னஞ்சலில்தான் அதிகம் இருக்கின்றன. வேலை பார்க்கும் நிறுவனமோ, ஊரிலுள்ள பள்ளியோ டிரஸ்ட்டோ தன் மின்னஞ்சலை வேறு சர்வருக்கு மாற்றுகிறது. மறுநாள் திறந்தால் இன்பாக்ஸ் காலி. இந்த நிலையில் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக்கூடாது என்பதைப் பார்ப்போம்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். அஞ்சல் கண்ணுக்குத் தெரியாமல் போவது வேறு, அழிந்து போவது வேறு. தெரியாமல் போனதை அழிந்துவிட்டதாக நினைத்து, பதற்றத்தில் நாம் செய்யும் வேலைதான் பல நேரங்களில் அதை உண்மையிலேயே அழித்துவிடுகிறது.

சர்வர் மாற்றம் என்றால் என்ன?

நம் நாட்டில் அண்மையில் நடந்த பெரிய மாற்றத்தையே எடுத்துக்கொள்வோம். தேசிய தகவல் மையம் (என்ஐசி) நடத்திவந்த மத்திய அரசு மின்னஞ்சல் சேவை ஜோஹோ நிறுவனத்தின் தளத்துக்கு மாற்றப்பட்டது. சுமார் 12 லட்சம் ஊழியர்களின் கணக்குகள் மாறியதாக 2025 அக்டோபரில் செய்திகள் வந்தன. முகவரிகள் பழையபடியே இருந்தன. அஞ்சல் தங்கும் இடம் மட்டுமே மாறியது.

வீடு மாறுகிறவருக்கு இரண்டு வேலைகள் உண்டு. சாமான்களை ஏற்றி அனுப்ப வேண்டும்; தபால்காரரிடம் புது விலாசத்தைச் சொல்ல வேண்டும். இங்கும் அப்படித்தான். பழைய அஞ்சல்களைப் புதிய சர்வருக்கு நகலெடுப்பது ஒரு வேலை. இனி வரும் அஞ்சல் எங்கே சேர வேண்டும் என்று டொமைன் பதிவில் (எம்எக்ஸ் பதிவு) மாற்றி எழுதுவது இன்னொரு வேலை. இரண்டில் எதில் தவறு நடந்தாலும் நமக்குத் தெரிவது ஒன்றுதான்: காலி இன்பாக்ஸ்.

உலகம் கண்ட மூன்று சம்பவங்கள்

2010 டிசம்பர் 30 முதல் ஹாட்மெயிலில் 17,355 பேரின் அஞ்சல்பெட்டிகள் காலியாகின. உண்மையில் அஞ்சல்கள் அழியவில்லை. சோதனைக் கணக்குகளை நீக்க எழுதப்பட்ட ஒரு நிரல், 'இவருடைய பெட்டி இந்த சர்வரில் இருக்கிறது' என்று காட்டும் குறிப்பைத் தவறுதலாக நீக்கிவிட்டது. அவர்கள் உள்ளே நுழைந்தபோது புதிதாக ஒரு காலிப் பெட்டி உருவானது. சில நாட்களில் பழைய பெட்டிகள் மீட்கப்பட்டன.

2011 பிப்ரவரி 27 அன்று ஜிமெயிலில், மென்பொருள் மாற்றம் ஒன்றில் நேர்ந்த பிழையால் சுமார் 0.02 சதவீதம் பேரின் அஞ்சல்கள் மறைந்தன. பல தரவு மையங்களில் இருந்த நகல்களையும் அந்தப் பிழை பாதித்தது. இணையத்தோடு தொடர்பில்லாத காந்த நாடாக்களில் இருந்த நகல் மட்டும் தப்பியது. அதிலிருந்துதான் கூகுள் மீட்டுக் கொடுத்தது.

மூன்றாவது, மின்னஞ்சல் அல்ல, இசைத் தளம். சர்வர் மாற்றத்தின்போது 2003 முதல் 2015 வரை ஏற்றப்பட்ட பாடல்களை இழந்துவிட்டதாக 2019இல் மைஸ்பேஸ் ஒப்புக்கொண்டது. தளத்தால் அவற்றை மீட்க முடியவில்லை. ஆய்வாளர்கள் சிலர் முன்பே எடுத்து வைத்திருந்த நகலிலிருந்து சுமார் 4,90,000 பாடல்கள் மட்டும் திரும்பக் கிடைத்தன.

மூன்றிலும் கைகொடுத்தது ஒன்றுதான்: அழியாமல் எங்கோ இருந்த பழைய நகல். உங்கள் அஞ்சலுக்கும் அப்படி ஒரு நகல் இருக்கக்கூடும். அதைப் பத்திரப்படுத்துவதே முதல் வேலை.

உடனே செய்ய வேண்டியவை

1. மொபைலிலோ கணினியிலோ உள்ள மின்னஞ்சல் கணக்கை நீக்காதீர்கள். 'அழித்துவிட்டுத் திரும்பச் சேர்த்துப் பாருங்கள்' என்று யாராவது சொன்னாலும் பொறுங்கள். ஐமேப் முறையில் இயங்கும் கணக்கு, சர்வரில் இருப்பதையே உங்கள் கருவியிலும் காட்டும். காலியான புதிய சர்வரோடு அது இணைந்தால், கருவியில் மிச்சமிருக்கும் நகலும் போய்விடலாம்.

2. சில நாட்களாகத் திறக்காத பழைய லேப்டாப் வீட்டில் இருக்கிறதா? வைஃபையை நிறுத்திவிட்டுத் திறங்கள். அவுட்லுக்கில் அஞ்சல்கள் தெரிந்தால், ஏற்றுமதி வசதி வழியாக பிஎஸ்டி கோப்பாகச் சேமியுங்கள். தண்டர்பேர்டு என்றால் அதன் ப்ரொஃபைல் ஃபோல்டரை அப்படியே பென்டிரைவில் நகலெடுங்கள். மொபைலை ஏர்பிளேன் மோடில் போட்ட பிறகே செயலியைத் திறங்கள்.

3. பழைய சர்வரின் வெப்மெயிலில் நுழைய முடிகிறதா என்று நிர்வாகியிடம் கேளுங்கள். டொமைன் பதிவின் மாற்றம் எல்லா இடங்களுக்கும் பரவ ஓரிரு நாள் ஆகலாம். அந்த இடைவெளியில் வந்த அஞ்சல்கள் பழைய சர்வரில்தான் கிடக்கும்.

4. எது காணவில்லை என்பதைத் துல்லியமாகச் சொல்லுங்கள். இன்பாக்ஸ் வந்து, அனுப்பியவை வரவில்லையா? நாமே உருவாக்கிய ஃபோல்டர்கள் மட்டும் இல்லையா? ஐமேப் வழியாக மாற்றினால் தொடர்பு எண்களும் காலண்டரும் கூடவே வராது. அவற்றைத் தனியாகத்தான் மாற்ற வேண்டும்.

5. தமிழ் அஞ்சல்கள் புரியாத எழுத்துகளாகத் தெரிந்தால் அவை அழியவில்லை. யூனிகோடுக்கு முந்தைய திஸ்கி, டாப் போன்ற குறியாக்கங்களில் எழுதப்பட்டிருக்கலாம். எழுத்து மாற்றி கொண்டு படித்துவிடலாம்.

காலக்கெடு முக்கியம்

சர்வரில் நீக்கப்பட்டவை என்றென்றும் காத்திருப்பதில்லை. ஜிமெயில் குப்பைத் தொட்டியில் 30 நாட்கள் இருக்கும். நிறுவனங்களுக்கான கூகுள் வொர்க்ஸ்பேஸில், அதன் பிறகும் 25 நாட்களுக்குள் நிர்வாகியால் மீட்க முடியும். மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில், நீக்கிய அஞ்சலை மீட்க வழக்கமான கெடு 14 நாட்கள்; நிர்வாகி விரும்பினால் 30 வரை நீட்டி வைக்கலாம். ஆகவே வாய்வார்த்தையோடு நிற்காமல், முதல் நாளே எழுத்து மூலம் நிர்வாகிக்குத் தெரிவியுங்கள்.

'மீட்டுத் தருகிறோம்' என்று போனில் அழைத்து கடவுச்சொல்லோ ஓடிபியோ கேட்பவரிடம் எதையும் சொல்லாதீர்கள். நிர்வாகிக்கு உங்கள் ஓடிபி தேவைப்படாது.

ஜமாஅத், பள்ளி, டிரஸ்ட் நிர்வாகிகளுக்கு

மாற்றத்துக்கு முன் ஒவ்வொரு கணக்கிலும் ஃபோல்டர் வாரியாக எத்தனை அஞ்சல்கள் உள்ளன என்று குறித்து வையுங்கள். மாறிய பின் ஒப்பிடுங்கள். முழு நகல் ஒன்றை ஹார்ட்டிஸ்கில் எடுத்து, அலுவலகத்துக்கு வெளியே நம்பகமான ஒருவரிடம் வையுங்கள். எண்ணிக்கை சரியாகும்வரை பழைய ஹோஸ்டிங்கை ரத்து செய்யாதீர்கள். அதை நிறுத்திவிட்டால் பழைய நகலும் அதோடு போய்விடும்.

வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள் தங்கள் ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, இன்சூரன்ஸ் தாள்களை நிறுவன மின்னஞ்சலில் மட்டும் விட்டுவைக்க வேண்டாம். தமக்கென்று வழங்கப்பட்ட அந்தத் தாள்களின் நகலைச் சொந்த மின்னஞ்சலிலும், ஊரில் இருக்கும் மனைவியிடமோ வாப்பாவிடமோ கொடுத்து வையுங்கள். எதிர்பாராமல் ஒன்று நடந்து, குடும்பம் பணிக்கொடையையோ இழப்பீட்டையோ கேட்க நேர்ந்தால், முதலில் கேட்கப்படுவது அந்தத் தாள்கள்தான். அப்போது அந்த நிறுவனத்தின் சர்வர் எத்தனை முறை மாறியிருக்குமோ, யாருக்குத் தெரியும்?