பதவியைப் பறித்த குறிப்பு

அரசாங்கக் கந்தோரில் எழுதப்பட்ட குறிப்பொன்று பத்திரிகையில் வெளிவந்துவிட்டால், "இதனை வெளியே விட்டவர் யார்?" என்னும் கேள்வியே முதலில் எழும். "அதிற் சொல்லியது சரிதானா?" என்று கேட்பவர் சிலரே. சென்னையில் நிகழ்ந்த பழைய சம்பவமொன்று இதற்குச் சான்று. பாக்குநீரிணைக்கு இப்பால், கொழும்புத்துறையில் வாழும் நமக்கும் அதில் ஒரு தொடர்பு உண்டு.

1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை அடக்கிய செலவினால் இந்திய அரசாங்கம் பெருங்கடனில் ஆழ்ந்திருந்தது. நிதிப் பொறுப்பேற்ற ஜேம்ஸ் வில்சன், 1860 பெப்ரவரியிற் கல்கத்தாவில் வருமானவரித் திட்டத்தை முன்வைத்தார். சென்னைக் கவர்னர் சர் சார்ல்ஸ் டிரெவிலியன் அதனை எதிர்த்தார். புதுவரி விதிப்பதை விடுத்துப் படைச்செலவைக் குறைத்தலே தக்கது என்பது அவர் வாதம். அவ்வளவில் நின்றிருந்தால் விஷயம் கந்தோருக்குள்ளேயே முடிந்திருக்கும். அவரோ தமது எதிர்ப்புக் குறிப்பைச் சென்னைப் பத்திரிகைகளில் வெளிவரச் செய்தார்.

மேலதிகாரத்தோடு கருத்து வேறுபடலாம். அதனை ஊரறியச் சொன்னால் ஆட்சி நடத்த முடியாது என்று மேலிடம் கருதியது. லண்டனிலிருந்த இந்தியா மந்திரி சர் சார்ல்ஸ் வுட், டிரெவிலியனைப் பதவியினின்றும் திருப்பி அழைத்துக்கொண்டார். அவ்விடத்துக்கு அனுப்பப்பட்டவர் வேறு யாருமல்லர்; 1855 முதல் நமது இலங்கையின் தேசாதிபதியாயிருந்த சர் ஹென்றி வார்ட் அவர்களே! யூலையிற் சென்னை சேர்ந்த அவர், ஆகஸ்டு 2ஆந் திகதி வாந்திபேதியால் மாண்டார். ஒன்பது நாட்களின் பின் வில்சனும் கல்கத்தாவிற் காலமானார். வரிச்சட்டமோ நடைமுறைக்கு வந்துவிட்டது.

டிரெவிலியன் செய்தது முறைதானா? உத்தியோக ஒழுங்கை நோக்கின், முறையன்று என்றே சொல்லவேண்டும். ஆயினும் மற்றப் பக்கத்தையும் நாம் பார்த்தல் வேண்டும். அக்காலத்திற் கல்கத்தாச் சட்டசபையில் இந்தியர் ஒருவர்கூட இருக்கவில்லை. 1862இலேதான் முதன்முதலாக இடம் பெற்றனர். தம் தலையில் ஏற்றப்படும் வரியைப் பற்றி ஆள்வோரிடையே வேற்றுமை உண்டென்பதைக் குடிமக்கள் அறியப் பத்திரிகையன்றி வேறு வழி ஏது?

1863இல் டிரெவிலியன் இந்தியாவுக்கு மீண்டார். அதுவும் வில்சன் வகித்த அதே நிதிப் பதவிக்கு! அவர் காலத்திலேயே, 1865இல், அந்த வருமானவரி நீங்கியது.

இன்றும் மறைவான கடிதங்கள் வெளிவருகின்றன. வெளியே விட்டவரைத் தேடும் விசாரணைகளும் நடைபெறுகின்றன. விசாரிப்பது அதிகாரிகளின் கடமையாயிருக்கலாம். கடிதத்தில் உள்ளதை நிறுத்துப் பார்ப்பது வாசிக்கும் நமது கடமை. மாணவர்கள் இதனை மறவாதிருப்பார்களாக.