முத்துக்குளித்துறையில் ஊர் சுற்ற வருவோர்க்கு

சங்க இலக்கியம் பயிலும் மாணவர்க்குக் கொற்கை புதிய பெயரன்று. அகநானூற்றிலும் ஐங்குறுநூற்றிலும் மதுரைக்காஞ்சியிலும் அப்பெயரைக் கண்டு, தேர்வுத் தாளில் 'பாண்டியரின் முத்துத் துறைமுகம்' என்று தவறாமல் எழுதிவிடுவர். ஆயின் அதே மாணவரிடம், 'கொற்கைக்கு எந்தப் பேருந்தில் ஏறிப் போவது?' என்று வினவினால் விடை கூறுவார் மிக அரியர். நம் துறையின் கல்விச் சுற்றுலாக்கள் பெரும்பாலும் திருச்செந்தூர்க் கடற்கரையோடு முடிந்துவிடுகின்றன. இடையில் கிடக்கும் ஈராயிரம் ஆண்டு வரலாற்றைப் பேருந்தின் சன்னல் வழியே கடந்து விடுகிறோம். இக்குறையைக் களைய, இக்கடற்கரையை எவ்வாறு சுற்றிப் பார்க்கலாம் என்பதைச் செயல்முறைக் கண்ணோட்டத்தில் இங்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

முதலில் திசையறிதல். ஜப்பான் நாட்டின் கோபே நகரில் வழி கேட்டால், 'மலைப்பக்கம்', 'கடற்பக்கம்' என்றே விடை கூறுவர். கட்டடங்களின் வாயில்களுக்குக்கூட அவ்வாறே பெயர் உண்டு. வடக்கே மலையும் தெற்கே கடலும் நிற்பதால் அங்கு வழி தவறுதல் கடினம். நம் முத்துக்குளித்துறையிலும் இது போன்ற எளிய முறை உண்டு. தூத்துக்குடியிலிருந்து தெற்கே செல்வோர்க்குக் கடல் எப்போதும் இடப்புறம். தாமிரபரணியோ குறுக்கே ஓடும். 'ஆற்றுக்கு இப்பாலா, அப்பாலா?' என்று கேட்கப் பழகிக்கொண்டால் பாதி வழி தெரிந்துவிடும். பழையகாயல், முக்காணி, கொற்கை ஆகியவை ஆற்றுக்கு வடபால். ஆத்தூர், ஆறுமுகநேரி, காயல்பட்டினம் ஆகியவை தென்பால்.

சென்னையிலிருந்து வருவோர்க்கு முத்துநகர் விரைவு வண்டி ஏற்றது. மாலையில் எழும்பூரில் ஏறினால் காலையில் தூத்துக்குடி. வழியில் வரும் மணியாச்சிச் சந்திப்பில்தான் 1911 சூன் 17 அன்று ஆட்சியர் ஆஷ் சுடப்பட்டார். விழித்திருப்போர் அந்நடைமேடையை ஒரு கணம் பார்த்துக் கொள்ளலாம். தூத்துக்குடிக்குச் சற்று முன்னரே மேலூர் என்னும் நிறுத்தம் வரும். பழைய நகர்ப் பகுதியும் கடற்கரையும் காண விரும்புவோர் அங்கு இறங்கிவிடாது இறுதி நிலையம் வரை செல்ல வேண்டும். வான்வழி வருவோர்க்கு வாகைக்குளம் நிலையம் நகருக்கு மேற்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. நகரில் பேருந்து நிலையங்கள் பழையது, புதியது என இரண்டு. 'பஸ் ஸ்டாண்டு' என்று மட்டும் சொல்லி ஆட்டோவில் ஏறினால் ஓட்டுநர் தமக்குத் தோன்றிய நிலையத்திற்கு அழைத்துச் செல்வார். எந்த ஊர்ப் பேருந்து வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லுதல் நன்று.

கப்பலேறிக் கொழும்பு செல்லலாமா என்று ஊர்ப் பெரியவர்கள் இன்றும் கேட்பதுண்டு. 1914இல் தனுஷ்கோடி வழி திறக்கும்வரை கொழும்புப் பயணத்திற்குத் தூத்துக்குடியே வாயில். வ.உ.சி. 1906இல் சுதேசிக் கப்பல் நிறுவனம் கண்டதும் அவ்வழியை நம்பியே. 2011 சூனில் பயணிகள் கப்பல் மீண்டும் தொடங்கப்பெற்று, அவ்வாண்டு நவம்பரிலேயே நின்றுபோயிற்று. இன்று தூத்துக்குடித் துறைமுகம் 1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பெற்று, 2011 முதல் வ.உ.சிதம்பரனார் பெயரைத் தாங்கி நிற்பினும், அது சரக்குத் துறைமுகமே. உரிய அனுமதி இன்றி உள்ளே நுழைய இயலாது. கல்லூரிக் குழுவினர் துறைத் தலைவரின் கடிதத்தோடு முன்னரே விண்ணப்பிக்க வேண்டும். நம்மைக் கேட்டால், புதிய துறைமுகத்தினும் பழைய துறைமுகமே காணத்தக்கது என்போம். மாலத்தீவுக்குக் கட்டுமானப் பொருள்களும் காய்கறிகளும் ஏற்றிச் செல்லும் தோணிகளின் மரபு அங்குதான் எஞ்சியுள்ளது.

பழைய துறைமுகத்தை அடுத்தே பனிமய மாதா பேராலயம். மாதாவின் திருவுருவம் 1555இல் மணிலாவிலிருந்து வந்தது என்பது மரபு. இப்போதைய ஆலயம் 1713இல் எழுந்தது. 1982இல் பேராலயத் தகுதி பெற்றது. சூலை 26இல் கொடியேறி ஆகஸ்டு 5 வரை நடைபெறும் திருவிழாக் காலத்தில் நகரில் தங்குமிடம் கிடைத்தல் அரிது. விழாவைக் காணவே வருவோர் முன்பதிவு செய்க. ஏனையோர் அந்நாள்களைத் தவிர்க்க.

தூத்துக்குடி வந்தோர் மக்ரூன் வாங்காமல் திரும்புவதில்லை. முந்திரியும் சர்க்கரையும் முட்டை வெண்கருவும் சேர்ந்த பண்டம் அது. முட்டை உண்ணாத நண்பர்க்கு வாங்கிச் செல்வோர் இதனை நினைவில் கொள்க.

முத்து வாங்குவது பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டியுள்ளது. 'தூத்துக்குடி முத்து' என்று சொல்லி விற்கப்படுவதைக் கண்டு வெளியூரார் மயங்குதல் இயல்பு. மன்னார் வளைகுடாவின் கடலடியில் 'பார்' எனப்படும் கடினமான பாறைத் திட்டுகள் உள்ளன. தோலாயிரம் பார் என்பது அவற்றுள் பெயர் பெற்றது. கல்லில் காலூன்றிக் கயிற்றின் துணையால் பத்துப் பாகம் வரை ஆழத்தில் இறங்கி, மூச்சடக்கிச் சிப்பி அள்ளிய குளியாளிகளுள் பரதவர்களும் இருந்தனர். காயல்பட்டினம், கீழக்கரை முதலான ஊர்களின் முஸ்லிம்களும் இருந்தனர். கடல் அமைதியாக இருக்கும் மாசி, பங்குனி, சித்திரைத் திங்கள்களே குளிப்புக் காலம். பாரில் சிப்பி முதிர்ந்த ஆண்டுகளில் மட்டுமே குளிப்பு நடக்கும். பல ஆண்டுகள் வெறுமையாகவே கழிவதும் உண்டு. இறுதியாகத் தொடர்ந்து குளிப்பு நடைபெற்றது 1955 முதல் 1961 வரை. அதன்பின் இங்கு முத்துக்குளிப்பே இல்லை.

ஆகவே இன்று கடையில் புதிதாக விற்கப்படும் முத்து இக்கடலில் குளித்தெடுத்ததாக இருத்தல் அரிது. பெரும்பாலும் வேற்றிடத்தில் வளர்க்கப்பட்ட நன்னீர் முத்தே. அதனை வாங்குவதில் பிழையில்லை, அழகியதே. ஆயின் 'கொற்கை முத்து' என்று கருதிக் கூடுதல் விலை கொடுக்க வேண்டா. 1893இல் ஜப்பானில் மிக்கிமோட்டோ சிப்பிக்குள் முத்து விளைவிக்கக் கண்ட முறையே உலகெங்கும் இயற்கை முத்தின் சந்தையைக் குலைத்தது. முத்து வாணிகத்தின் மையமாகக் கோபே நகர் எழுந்ததும் அதன் தொடர்ச்சியே. அந்நுட்பம் ஜப்பானியர் பொத்திக் காத்த ஒன்று. 1973இல் இதே தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் அறிவியலார் தம் முயற்சியாலேயே முத்து வளர்ப்பில் வெற்றி கண்டனர் என்பது நம் மாணவர் பலரும் அறியாத செய்தி. கடற்கரையில் கிடக்கும் பவளப் பாறைத் துண்டுகளை நினைவுப் பொருளாக எடுத்து வருதலும் கூடாது. அவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்க் காக்கப்படுபவை. தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரையுள்ள 21 தீவுகளும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்றவை.

இனித் தெற்கே செல்வோம். தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூருக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர். பேருந்துகள் அடிக்கடி உண்டு. நேரே செல்லும் தொடர்வண்டி மட்டும் இல்லை. காலை ஆறு மணிக்குப் புறப்படுதல் நலம். பத்து மணிக்கு மேல் உப்பளங்களின் வெண்மை கண்ணைக் கூசச் செய்யும். அவ்வெயிலில்தான் பெண்கள் உப்புச் சுமக்கின்றனர் என்பதையும் இறங்கிப் பார்ப்போர் உணர்வர்.

கொற்கைக்கு அடிக்கடி பேருந்து கிடையாது. முக்காணியிலோ ஏரலிலோ இறங்கி, ஆட்டோ பேசிச் சென்று வருதலே எளிது. திரும்பி வரும் வரை காத்திருக்கும்படி முதலிலேயே கூலி பேசிக்கொள்க. அங்கிருந்து வேறு வண்டி பிடித்தல் எளிதன்று. சென்று பார்ப்போர் சிலர் ஏமாற்றமடைவர்: வயல்கள், வாழைத் தோட்டங்கள், ஒரு குளம், மிகப் பழைய ஒரு வன்னி மரம், சிறு கோயில்கள். கடலைக் காணோம்! அங்கு காண வேண்டியதே அதுதான். தாமிரபரணி கொணர்ந்த வண்டல் துறைமுகத்தைத் தூர்த்துக் கடலைச் சில கிலோமீட்டர் கிழக்கே தள்ளிவிட்டது. 1968-69இல் தமிழ்நாடு தொல்லியல் துறை இங்கு அகழாய்வு செய்தது. அங்குக் கிடைத்த கரியின் காலம் கி.மு. 785 எனக் கணிக்கப்பெற்றது. 2021இல் மீண்டும் அகழாய்வு நடைபெற்றது. கிரேக்கர் 'கொல்கி' என்று குறித்த துறையின் மண்மேல் நின்று வாழைத்தார் வெட்டுவதைப் பார்ப்பது, பாடநூல் தராத அறிவு.

கொற்கை தூர்ந்தபின் வாணிகம் காயலுக்குப் பெயர்ந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்ட 'காயில்' எது என்பதில் இன்றளவும் வழக்கு உண்டு. கால்டுவெல் பழையகாயலைச் சுட்டினார்; காயல்பட்டினத்தார் அதனை எளிதில் ஒப்புவதில்லை. மாணவர்கள் இரண்டையும் நேரில் பார்த்துவிட்டு வழக்காடட்டும். அடுத்து ஆற்றின் கழிமுகத்தில் உள்ள புன்னைக்காயல். ஆத்தூரில் இறங்கி அங்கிருந்து செல்லலாம். தமிழ்த்துறையினர் இவ்வூரை விட்டுவிடலாகாது. 1578இல் கொல்லத்தில் அச்சேறிய 'தம்பிரான் வணக்க'த்தை ஆக்கித் தந்த அண்டிரிக் அடிகளார் வாழ்ந்து தமிழ் பயின்ற ஊர் இது. ஆத்தூரில் வெற்றிலை வாங்க மறவாதீர். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற வெற்றிலை அது.

காயல்பட்டினத்திற்குச் செல்வோர் பேருந்தில் ஏறுமுன் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: 'வண்டி காயல்பட்டினம் ஊருக்குள் போகுமா?' சில வண்டிகள் ஊருக்குள் வாராமல் அடைக்கலாபுரம் வழியே திருச்செந்தூரை அடைந்துவிடும். பெட்டியும் பிள்ளைகளுமாக வருவோர் இதனால் படும் இடரை ஊரார் நன்கறிவர். திருநெல்வேலியிலிருந்து வருவோர்க்கு இக்கவலையில்லை. திருச்செந்தூர்ப் பாதையில் ஆறுமுகநேரிக்கு அடுத்த நிலையம் காயல்பட்டினம்.

ஊருக்குள் நடப்பதற்கும் ஒரு முறை உண்டு. வீடுகளுக்கு இடையே 'முடுக்கு' எனப்படும் குறுகிய சந்துகளைக் காணலாம். அவை பெண்கள் தம் உறவினர் இல்லங்களுக்குச் சென்று வருவதற்கென்றே அமைந்தவை. அயலூர் ஆடவர், குறுக்குவழி என்று எண்ணி அவற்றுள் நுழைதல் தகாது. புகைப்படக் கருவியைத் தெருக்களில் கேளாது உயர்த்துவதும் அத்தகையதே. பழைய பள்ளிவாசல்களின் கல் தூண்களைக் காண விழைவோர் தொழுகை நேரம் அல்லாத வேளையில், பொறுப்பில் உள்ளவரிடம் ஒரு சொல் கேட்டுச் செல்க. சமய வேறுபாடின்றி அன்புடன் காட்டுவர். வெள்ளிக்கிழமை நண்பகலில் கடைகள் அடைத்திருக்கும். உணவுக்கு அதற்கேற்பத் திட்டமிடுக. நபிகள் நாயகத்தின் மீது திருப்புகழ் பாடிய காசிம் புலவரின் ஊர் இது என்பதால், தமிழ் மாணவர்க்கு இங்கு அரைநாள் போதாது.

தூத்துக்குடிக்குத் திரும்பியவர்கள் மறுநாள் எட்டயபுரம் செல்லலாம். மதுரைச் சாலை வழியே செல்லும் பேருந்துகளில் அவ்வூரில் நிற்கும் வண்டியைக் கேட்டு ஏறுக. பாரதியார் பிறந்த இல்லத்தைக் காண வருவோருள் எத்தனை பேர், சீறாப்புராணம் இயற்றிய உமறுப்புலவரின் அடக்கத்தலமும் மணிமண்டபமும் அதே ஊரில் இருப்பதை அறிந்து செல்கின்றனர்? இரண்டையும் ஒரே முற்பகலில் பார்த்துவிடலாம்.

பருவம் பற்றி ஓர் எச்சரிக்கை. தை முதல் பங்குனி வரை வருதல் சிறப்பு. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் குழுவாக வருவோர் வானிலை அறிக்கையைப் பாராது புறப்படலாகாது. 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னை புறப்பட்ட செந்தூர் விரைவு வண்டி, ஏறத்தாழ 800 பயணிகளுடன் திருவைகுண்டத்தில் சிக்கி நின்றது. சுற்றியிருந்த சிற்றூர் மக்களே தம் வீட்டு வெள்ளத்தையும் பொருட்படுத்தாது உணவு சமைத்துக் கொடுத்தனர். ஏரல் பாலமும் அவ்வெள்ளத்தில் சிதைந்தது. ஆற்றுக்கு இப்பாலா அப்பாலா என்னும் கேள்வி, மழைநாளில் உயிரைப் பற்றிய கேள்வியாகிவிடும்.

ஒரு நாள் மிகுதியாக உடையோர் திருச்செந்தூரிலிருந்து மேலும் தெற்கே மணப்பாடு வரை செல்லலாம். கடலுக்குள் நீண்ட மணற்குன்றின் மேல் திருச்சிலுவை ஆலயம். 1542இல் இக்கரைக்கு வந்த சவேரியாரின் நினைவு அங்கு நிலைத்துள்ளது. வழியில் வரும் குலசேகரன்பட்டினம், தசராவால் பெயர் பெற்ற பழைய துறை. 2024 பிப்ரவரியில் இங்கு ஏவுதளத்திற்கு அடிக்கல் நாட்டப்பெற்றது. மணப்பாட்டில் மாலை வரை தங்க விரும்புவோர், இறங்கிய உடனேயே திருச்செந்தூருக்குத் திரும்பும் கடைசிப் பேருந்தின் நேரத்தை நிறுத்தத்தில் உள்ள தேநீர்க் கடையில் கேட்டுக் குறித்துக்கொள்க. கடைக்காரர் சொல்லும் நேரத்திற்குக் கால்மணி முன்னரே அங்கு வந்து நிற்க.