எண்ணாதீங்க... படிங்க!

காலை எட்டே கால். அரியாங்குப்பம் பாலத்துக்கு முன்னால் கடலூர் ரோடு அப்படியே உறைந்து நிற்கிறது. காலேஜ் பஸ்ஸின் முன் சீட்டில் நான். கண்ணுக்கு நேரே ஒரு டேங்கர் லாரியின் முதுகு. அதில் ஒரு போர்டு. போர்டில் நாலு இலக்க நம்பர்: 1203.

செகண்ட் இயர் வரைக்கும் அதை ஏதோ லாரி கம்பெனியின் கணக்கு நம்பர் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். சிரிக்காதீங்க பாஸ், உங்களுக்கு மட்டும் தெரியுமா என்ன?

1203 என்றால் பெட்ரோல். ஆபத்தான சரக்கு ஒவ்வொன்றுக்கும் ஐ.நா. கொடுத்த நம்பர் இருக்கிறது. பாண்டிச்சேரியில் பார்த்தாலும் பாரீஸில் பார்த்தாலும் அதே நம்பர், அதே சரக்கு. இதையெல்லாம் என்னைத் தேடிப் படிக்க வைத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை.

திருவள்ளூர், விடியற்காலை

2025 ஜூலை 13. விடிந்தும் விடியாத நேரம். 52 டேங்கர் வேகன்களில் டீசல் ஏற்றிக்கொண்டு போன கூட்ஸ் வண்டி, திருவள்ளூர் பக்கத்தில் தடம் புரண்டு தீப்பிடித்தது. வானம் முழுக்கக் கரும்புகை. மேலே போகும் மின்கம்பியில் கரன்ட்டை நிறுத்தினார்கள். சென்னை - அரக்கோணம் பாதையில் ரயில்கள் நின்றன. 18 வேகன்கள் எரிந்துபோயின. நல்லவேளை, ஓர் உயிர்கூடப் போகவில்லை.

சின்ன வயசில் கூட்ஸ் வண்டி போனால் என்ன செய்வோம்? ஒண்ணு, ரெண்டு, மூணு என்று பெட்டியை எண்ணுவோம். அன்றைக்கு செல்போனில் வந்த வீடியோக்களைப் பார்த்தபோதுதான் உறைத்தது: இத்தனை வருஷம் எண்ணியிருக்கிறேன், உள்ளே என்ன போகிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை!

ஒரு சின்ன கணக்கு. ஒரு டேங்கர் வேகன் கொள்ளுவது சுமார் 70 ஆயிரம் லிட்டர். 52 வேகன் என்றால் 36 லட்சம் லிட்டருக்கு மேல். இதையே 20 ஆயிரம் லிட்டர் லாரிகளில் ஏற்றினால் 180 லாரிக்கு மேல் வேண்டும். அத்தனையும் நம்ம கடலூர் ரோட்டில், ஸ்கூல் ஆட்டோவுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் நடுவில் வந்தால்? அதனால் 'ரயிலில் ஏற்றாதே' என்று நான் சொல்ல வரவில்லை. ரோட்டைவிடத் தண்டவாளமே பாதுகாப்பு. ஆனால், ரயிலில் தப்பு நடந்தால் அது ஒரு லாரி அளவோடு நிற்காது.

குட்டித் தப்பு, பெரிய விலை

கனடாவில் லாக் மெகான்டிக் என்று ஒரு சின்ன ஊர். 2013 ஜூலை 6 நள்ளிரவு. கச்சா எண்ணெய் நிரம்பிய 72 டேங்கர்களோடு ஒரு ரயிலை, ஊருக்கு வெளியே மேட்டில் நிறுத்திவிட்டு டிரைவர் தூங்கப் போய்விட்டார். இன்ஜினில் தீப்பிடிக்க, தீயணைப்பு வீரர்கள் வந்து அணைத்து, இன்ஜினையும் ஆஃப் செய்துவிட்டார்கள். அங்கேதான் வினை. இன்ஜின் ஓடினால்தான் ஏர் பிரேக்குக்குக் காற்று வரும். காற்று மெல்ல மெல்லக் கசிந்தது. கையால் முறுக்கிப் போடும் ஹேண்ட் பிரேக் போதுமான அளவு போடப்படவில்லை. ஆளே இல்லாத ரயில் சரிவில் உருண்டு, மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வேகம் பிடித்து, ஊர் நடுவில் கவிழ்ந்தது. 47 பேர் பலி.

விசாரணையில் இன்னொன்றும் தெரிந்தது. அந்த எண்ணெய், காகிதத்தில் எழுதியிருந்ததைவிட வேகமாகத் தீப்பற்றக்கூடியது. லேபிளே தப்பு!

அடுத்தது, அமெரிக்காவின் ஓஹையோ. 2023 பிப்ரவரி 3. ஈஸ்ட் பாலஸ்டைன் ஊரில் 38 பெட்டிகள் தடம் புரண்டன. காரணம், சக்கரத்தில் ஒரே ஒரு பேரிங். அது சூடாகிக்கொண்டே வந்ததைப் பாதையோர சென்சார்கள் பதிவு செய்தும் இருந்தன. ஆனால், எச்சரிக்கை அடித்து ரயிலை நிறுத்துவதற்குள் காலம் கடந்துவிட்டது. ஐந்து டேங்கரில் வினைல் குளோரைடு. அது வேறொன்றுமில்லை, நம்ம வீட்டு மொட்டைமாடி டேங்கிலிருந்து இறங்கும் பி.வி.சி. பைப்பின் மூலப்பொருள். வெடித்துவிடும் என்று பயந்து மூன்றாம் நாள் அதிகாரிகளே திறந்து எரித்தார்கள். 'அப்படி எரித்திருக்கவே வேண்டியதில்லை' என்று 2024-ல் விசாரணை அமைப்பு சொன்னது. உள்ளே இருப்பது எந்த நிலையில் இருக்கிறது என்பது, முடிவு எடுப்பவர்களுக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை.

அடுத்த முறை விழுப்புரம் பக்கம் லெவல் கிராசிங்கில் மாட்டிக்கொண்டு ஹாரன் அடிக்கும்போது, கேட் கீப்பரைக் கொஞ்சம் பாருங்க. பச்சைக் கொடியோடு அவர் சும்மா நிற்கவில்லை. எந்தச் சக்கரத்திலாவது புகை வருகிறதா, ஏதாவது தொங்குகிறதா என்று பார்க்கிறார். வந்தால் சிவப்பு காட்டுவார். பாதையில் தினமும் நடந்தே போய்க் கிளிப்பையும் போல்ட்டையும் சரிபார்க்கும் கீமேன் இன்னொருவர். நாம் படிக்கும் 'ஃபெயிலியர் அனாலிசிஸ்' பாடத்தை அவர்கள் வெயிலில் நின்று செய்கிறார்கள்.

வேடிக்கை வேண்டாம் மக்களே!

என்னைத் தூங்கவிடாமல் செய்தது ஈரான் கதைதான். 2004 பிப்ரவரி 18. நிஷாப்பூர் அருகே, நிறுத்தி வைத்திருந்த வேகன்கள் தானாக உருண்டு போய்க் கவிழ்ந்தன. கந்தகம், பெட்ரோல், உரம், பஞ்சு எல்லாம் ஒரே ரயிலில். தீயணைப்பு வந்தது, அதிகாரிகள் வந்தார்கள், ஊரும் கூடியது. தீ கிட்டத்தட்ட அடங்கிவிட்டது என்று நினைத்த நேரத்தில் மொத்தமும் வெடித்தது. சுமார் 300 பேர் இறந்தார்கள். கவிழ்ந்தபோது அல்ல, கூடி நின்றபோது!

2017 ஜூன் 25-ல் பாகிஸ்தானின் பகாவல்பூர் பக்கம் டேங்கர் லாரி கவிழ்ந்ததும் இதே கதை. ஒழுகிய பெட்ரோலைப் பிடிக்கக் குடத்தோடும் கேனோடும் ஓடியவர்கள்தான் அதிகம். 200 பேருக்கு மேல் கருகினார்கள். இன்றைக்கு நாம் குடத்துக்குப் பதில் செல்போனோடு ஓடுகிறோம். அவ்வளவுதான் வித்தியாசம்.

'இதெல்லாம் கூட்ஸ் வண்டிக் கதை, நமக்கென்ன?' என்கிறீர்களா? 2023 ஆகஸ்ட் 26, மதுரை. லக்னோவிலிருந்து வந்த சுற்றுலா ரயில் பெட்டி நின்றுகொண்டிருந்தது. விதியை மீறி உள்ளே கொண்டுவந்த கேஸ் சிலிண்டரால் தீ. ஒன்பது பேர் உயிரிழந்தார்கள். தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது பேக்கில் பட்டாசை ஒளித்து வைக்கும் ஹாஸ்டல் ஹீரோக்களே, அந்த நிமிஷம் நீங்கள் ஏறும் பெட்டியும் ஆபத்தான சரக்கு வண்டிதான். ரயில்வே சட்டப்படி மூன்று வருஷம் வரை ஜெயில் உண்டு.

நோட் பண்ணிக்கோங்க

* டேங்கர் லாரியில்: 1202 டீசல், 1203 பெட்ரோல், 1075 சமையல் கேஸ், 1005 அம்மோனியா, 1017 குளோரின்.
* அதே போர்டில் '3ஒய்இ' மாதிரி ஒரு கோடு இருக்கும். கடைசியில் 'இ' வந்தால், மக்களை வெளியேற்றுவது பற்றி யோசிக்க வேண்டிய சரக்கு.
* ரயில் வேகனில் 'பி.டி.பி.என்.' என்றால் பெட்ரோல், டீசல் வகை. 'பி.டி.பி.ஜி.எல்.என்.' என்றால் கேஸ்.
* விபத்து என்றால் காற்று வரும் திசையை நோக்கி, தூரமாகப் போங்க. சிகரெட், தீக்குச்சி, வண்டி ஸ்டார்ட் எதுவும் கூடாது.
* 112-க்கு போன் போட்டு இடத்தோடு அந்த நம்பரையும் சொல்லுங்க. ரயில்வேக்கு 139. நம்பர் தெரியவில்லை என்றால், அதைப் பார்க்கக் கிட்டே போகாதீங்க.

அரியாங்குப்பம் பாலத்தில் டிராஃபிக் நகர ஆரம்பிக்கிறது. பக்கத்து சீட் ஜூனியர் காதிலிருந்து இயர்போனைக் கழற்றி, "அண்ணா, அந்த 1203 என்னதுண்ணா?" என்கிறான்.

சொல்லிக் கொடுத்துவிட்டேன். இனி உங்க டர்ன்!