பெங்களூரு - ஐரோப்பா வர்த்தக உறவு: ஒப்பந்தங்களின் பலன் சிறு தொழில்களை எட்டுமா?

பெங்களூரு: 1978-ஆம் ஆண்டு, பெங்களூருவில் ஒரு வாடகை வீட்டின் கார் கொட்டகையில் 10,000 ரூபாய் முதலீட்டுடன் ஒரு சிறு நிறுவனம் தொடங்கப்பட்டது. பப்பாளிப் பாலில் இருந்து ஒரு நொதியையும், மீனின் காற்றுப்பையில் இருந்து பீரைத் தெளிவாக்கும் பொருள் ஒன்றையும் பிரித்தெடுத்து அயர்லாந்துக்கு அனுப்புவதே அதன் தொழில். அயர்லாந்தின் பயோகான் பயோகெமிக்கல்ஸ் நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து கிரண் மஜும்தார் தொடங்கிய அந்த நிறுவனமே இன்றைய பயோகான். 40 ஆண்டுகளுக்குப் பின், 2018-இல், அதே நிறுவனம் உருவாக்கிய இன்சுலின் கிளார்ஜின் மருந்துக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் அனுமதி கிடைத்தது. ஐரோப்பாவுக்கு மூலப்பொருள் அனுப்பிய நிறுவனம், அங்குள்ள நோயாளிகளுக்கு மருந்து அனுப்பும் நிலைக்கு உயர்ந்தது.

ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையிலான தொழில் கூட்டுறவு எவ்வளவு தொலைவு செல்லக்கூடும் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு. ஐரோப்பிய நாடுகளுடன் இந்தியா அண்மையில் அடுத்தடுத்து வர்த்தக உடன்பாடுகளை எட்டியுள்ள நிலையில், அவற்றின் பலன் பெரிய நிறுவனங்களோடு நின்றுவிடுமா, அல்லது பீன்யா, ஒசூர், கோவை, திருப்பூர் போன்ற இடங்களில் இயங்கும் சிறு தொழிற்கூடங்களையும் எட்டுமா என்ற கேள்வி எழுந்துள்ளது.

நூற்றாண்டைக் கடந்த தொடர்பு

பெங்களூருவின் வெளிநாட்டுத் தொழில் உறவு, தகவல் தொழில்நுட்பத் துறைக்கு வெகு காலம் முன்பே தொடங்கியது. 1902-இல் காவிரியின் சிவசமுத்திர நீர்மின் நிலையத்தில் உற்பத்தியான மின்சாரம், ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கோலார் தங்க வயலுக்குக் கம்பி வழியாகக் கொண்டுசெல்லப்பட்டது. மின் கருவிகளை அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் வழங்கியது. சுரங்கங்களை லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் நிறுவனம் நிர்வகித்தது. சுரங்கத்துக்குள் இறங்கி உழைத்தவர்களில் பெரும்பகுதியினர் தமிழகத்தின் வட மாவட்டங்களில் இருந்து சென்றவர்கள்.

மைசூர் அரசின் திவானாக இருந்த எம்.விஸ்வேஸ்வரய்யாவின் முயற்சியால் 1916-இல் மைசூர் வர்த்தக சபை உருவானது. இன்றைய கர்நாடக வர்த்தக, தொழில் சபைகளின் கூட்டமைப்புக்கு அதுவே அடித்தளம். அரசும் வணிகர்களும் ஒரே மேசையில் அமர்ந்து பேச வேண்டும் என்ற எண்ணம் அப்போதே அங்கு நிறுவன வடிவம் பெற்றுவிட்டது.

விடுதலைக்குப் பின் இந்த உறவு மேலும் விரிந்தது. 1948-இல் தொடங்கப்பட்ட இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலைக்குப் பிரிட்டன் நிறுவனம் ஒன்று தொழில்நுட்பம் அளித்தது. 1953-இல் நிறுவப்பட்ட ஹெச்.எம்.டி., சுவிட்சர்லாந்தின் ஓர்லிகான் நிறுவனத்தின் துணையுடன் இயந்திரக் கருவிகளைத் தயாரித்தது. 1954-இல் உருவான பாரத் எலெக்ட்ரானிக்ஸ் (பெல்) நிறுவனத்துக்குப் பிரான்ஸ் கைகொடுத்தது. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம், 1951-இல் மைகோ என்ற பெயரில் பெங்களூருவில் தொழில் தொடங்கியது.

மருத் விமானம் கற்பித்த பாடம்

இந்தக் கூட்டுறவுகள் அனைத்தும் ஒரே விதமான முடிவைத் தரவில்லை. ஜெர்மானிய விமான வடிவமைப்பாளர் குர்ட் டாங்க் தலைமையில் பெங்களூருவின் ஹெச்.ஏ.எல். நிறுவனம் உருவாக்கிய மருத் போர் விமானம், 1961 ஜூன் 17-ஆம் தேதி முதன்முறையாகப் பறந்தது. விமானத்தின் வடிவமைப்பு பாராட்டப்பட்டது. ஆனால், அதற்கெனத் திட்டமிடப்பட்டிருந்த அதிக ஆற்றல் கொண்ட பிரிட்டன் என்ஜின் கிடைக்கவில்லை. ஆற்றல் குறைந்த என்ஜினுடனேயே இயங்க நேர்ந்ததால், அந்த விமானம் தனது முழுத் திறனை ஒருபோதும் எட்டவில்லை.

ஹெச்.எம்.டி.யின் வரலாறும் கவனிக்கத்தக்கது. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் துணையுடன் 1961-இல் கைக்கடிகாரத் தயாரிப்பில் இறங்கி, இந்தியக் குடும்பங்களின் நம்பிக்கையைப் பெற்ற அந்தப் பிரிவு, மாறிவரும் தொழில்நுட்பத்துக்கும் போட்டிக்கும் ஈடுகொடுக்க முடியாமல் 2016-இல் மூடப்பட்டது. தொழில்நுட்பத்தை ஒருமுறை வாங்கிவிட்டால் போதாது, அதைத் தொடர்ந்து வளர்த்தெடுக்கும் திறனும் உள்நாட்டில் உருவாக வேண்டும் என்பதே இந்த இரு நிகழ்வுகளும் உணர்த்தும் பாடம்.

உற்பத்தியில் இருந்து ஆராய்ச்சிக்கு

1990-களுக்குப் பின் பெங்களூரு - ஐரோப்பா உறவின் தன்மை மாறியது. மெர்சிடிஸ் பென்ஸ் 1996-இலும், சாப் லேப்ஸ் 1998-இலும் பெங்களூருவில் ஆய்வு, மேம்பாட்டு மையங்களை அமைத்தன. ஏர்பஸ் நிறுவனத்தின் பொறியியல் மையம் 2007-இல் வந்தது. ஆடுகோடியில் மோட்டார் உதிரி பாகங்களைத் தயாரித்து வந்த பாஷ் நிறுவனத்தின் வளாகம், ஆராய்ச்சிக்கும் மென்பொருளுக்குமான நவீன வளாகமாக மாற்றப்பட்டு 2022 ஜூன் மாதம் திறக்கப்பட்டது.

மறுதிசையிலும் முதலீடு செல்கிறது. பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்ட விப்ரோ, லண்டனைச் சேர்ந்த கேப்கோ நிறுவனத்தை 2021-இல் வாங்கியது. ஜெர்மனியின் இன்-டெக் நிறுவனத்தை 45 கோடி யூரோ வரையிலான மதிப்பில் வாங்குவதாக இன்ஃபோசிஸ் 2024 ஏப்ரலில் அறிவித்தது. ஏர்பஸ் ஏ220 விமானங்களுக்கான கதவுகளைத் தயாரிக்கும் ஒப்பந்தம், பெங்களூருவின் டைனமேட்டிக் டெக்னாலஜிஸ் நிறுவனத்துக்கு 2024 பிப்ரவரியில் கிடைத்தது. விமானக் கதவு போன்ற ஒரு பொருளுக்குப் பின்னால் எண்ணற்ற சிறு பாகங்கள் உள்ளன. அவற்றைத் தயாரிக்கும் வாய்ப்பு சிறு தொழிற்கூடங்களுக்குக் கிடைக்கிறதா என்பதைப் பொறுத்தே, இத்தகைய ஒப்பந்தங்களின் உண்மையான பயன் அமையும்.

மூன்று உடன்பாடுகள்

ஐரோப்பாவுடன் இந்தியா எட்டியுள்ள உடன்பாடுகளில் மூன்று முக்கியமானவை.

முதலாவது, சுவிட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன் ஆகிய 4 நாடுகளின் கூட்டமைப்பான எஃப்டாவுடன் 2024 மார்ச் 10-இல் கையெழுத்தான ஒப்பந்தம். இது 2025 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. 15 ஆண்டுகளில் 10,000 கோடி டாலர் முதலீட்டையும், 10 லட்சம் நேரடி வேலைவாய்ப்புகளையும் இந்தியாவில் உருவாக்குவதை அந்த நாடுகள் இலக்காக ஏற்றுள்ளன. முதலீட்டு இலக்கு எட்டப்படாவிட்டால், உரிய கலந்தாய்வுகளுக்குப் பிறகு, வரிச் சலுகைகளைத் தற்காலிகமாகத் திரும்பப் பெறவும் இந்தியாவுக்கு வழியுண்டு.

இரண்டாவது, பிரிட்டனுடன் 2025 ஜூலை 24-இல் கையெழுத்தான ஒப்பந்தம். இதனுடன் இணைந்த சமூகப் பாதுகாப்பு ஏற்பாட்டின்படி, தற்காலிகப் பணிக்காகப் பிரிட்டன் செல்லும் இந்திய ஊழியரும் அவரது நிறுவனமும் அந்நாட்டின் சமூகப் பாதுகாப்பு நிதிக்குக் குறிப்பிட்ட காலம் வரை தனியாகச் சந்தா செலுத்த வேண்டியதில்லை. ஊழியர்களைச் சுழற்சி முறையில் வெளிநாட்டுக்கு அனுப்பும் பெங்களூரு, சென்னை நிறுவனங்களுக்கு இது கணிசமான செலவைக் குறைக்கும். ஜெர்மனி, பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்து உள்ளிட்ட நாடுகளுடன் இத்தகைய உடன்படிக்கைகள் ஏற்கெனவே நடைமுறையில் உள்ளன. தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி அமைப்பு வழங்கும் சான்றைக் காட்டி, ஊழியர்கள் இரட்டைச் சந்தாவைத் தவிர்க்கலாம்.

மூன்றாவது, ஐரோப்பிய ஒன்றியத்துடனான தடையற்ற வர்த்தக ஒப்பந்தம். 2007-இல் தொடங்கிய பேச்சுவார்த்தை 2013-இல் நின்றது. 2022 ஜூனில் மீண்டும் தொடங்கி, 2026 ஜனவரி 27-இல் நிறைவடைந்ததாக இரு தரப்பும் அறிவித்தன. பேச்சுவார்த்தை முடிந்ததாலேயே ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்துவிடாது. சட்டச் சரிபார்ப்பு, மொழிபெயர்ப்பு, கையெழுத்து, ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் ஒப்புதல் ஆகிய படிகளைக் கடக்க வேண்டும். இந்தியாவுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் இடையே 2024-இல் ஏறத்தாழ 12,000 கோடி யூரோ மதிப்பிலான சரக்கு வர்த்தகம் நடைபெற்றுள்ளதால், இந்த ஒப்பந்தத்தின் தாக்கம் மற்ற இரண்டையும் விடப் பெரிதாக இருக்கும். ஆயத்த ஆடைகளுக்கு 12 சதவீதம் வரை விதிக்கப்படும் இறக்குமதி வரி நீங்கும்போது, வரிச் சலுகை பெற்றுவரும் வங்கதேசத்துடன் திருப்பூர் சம நிலையில் போட்டியிட முடியும்.

வரிக்கு அப்பால் உள்ள தடைகள்

எனினும், இறக்குமதி வரி குறைவதால் மட்டும் சந்தை திறந்துவிடாது. சிறு தொழில்கள் எதிர்கொள்ளும் தடைகளில் பலவும் விதிமுறைகளின் வடிவில் உள்ளன.

அவற்றில் முதன்மையானது, கார்பன் எல்லை வரி. சிமெண்ட், இரும்பு, எஃகு, அலுமினியம், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் ஆகியவற்றை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுவரும் இறக்குமதியாளர், அவற்றின் உற்பத்தியின்போது வெளியான கார்பன் அளவுக்கு ஏற்பக் கட்டணம் செலுத்த வேண்டும். 2023 அக்டோபரில் தொடங்கிய அறிக்கை அளிக்கும் கட்டம் முடிந்து, 2026 ஜனவரி 1 முதல் முழுமையான கட்டம் நடைமுறைக்கு வந்துள்ளது. இந்த ஆண்டு இறக்குமதிக்கான சான்றுகளை 2027-இல் வாங்கத் தொடங்க வேண்டும்.

எஃகுப் பொருள்களின் பட்டியலில் திருகாணி, போல்ட், நட்டு போன்றவையும் அடங்கும். இரும்பையும் அலுமினியத்தையும் மிகுதியாகக் கொண்ட மேலும் பல பொருள்களைச் சேர்க்கவும் ஐரோப்பிய ஆணையம் முன்மொழிந்துள்ளது. ஓர் இறக்குமதியாளர் ஆண்டுக்கு 50 டன்னுக்குக் குறைவாகக் கொண்டுவந்தால் விலக்கு உண்டு. ஆனால், இந்த வரம்பு இறக்குமதியாளரின் மொத்தக் கொள்முதலுக்கு உரியது. எனவே, பீன்யாவின் சிறு பட்டறை 2 டன் மட்டுமே அனுப்பினாலும், வாங்குபவர் பெரிய நிறுவனமாக இருந்தால், அந்தச் சரக்குக்கும் கணக்குக் கேட்கப்படும்.

கணக்குக் கொடுப்பதுதான் கடினமான பகுதி. எந்த ஆலையின் எஃகு பயன்படுத்தப்பட்டது, அந்த ஆலையின் கார்பன் வெளியீடு எவ்வளவு என்ற விவரங்கள் தேவை. கடையில் சில்லறையாக எஃகு வாங்கும் பட்டறை உரிமையாளரிடம் இவை இருப்பதில்லை. உண்மைத் தரவு இல்லாவிட்டால், ஐரோப்பிய ஒன்றியம் நிர்ணயித்துள்ள உயர்வான பொது அளவு பயன்படுத்தப்படும். அதனால் கூடுதல் செலவு ஏற்படும் என்று கருதும் வாங்குபவர், தரவு அளிக்கக்கூடிய வேறொரு நிறுவனத்தை நாடக்கூடும்.

உற்பத்தி மூல விதிகள் மற்றொரு தடை. ஒரு பொருள் இந்தியாவில் போதிய அளவு உருமாற்றம் பெற்றது என்று நிறுவினால் மட்டுமே வரிச் சலுகை கிடைக்கும். மூலப்பொருள் வாங்கிய ரசீதில் இருந்து உற்பத்திப் பதிவேடு வரை அனைத்தும் ஒழுங்காக இருக்க வேண்டும். தேவையான ஆவணங்களைத் தயாரிக்கும் செலவு கிடைக்கும் சலுகையை விஞ்சினால், சிறு ஏற்றுமதியாளர்கள் சலுகையைக் கோராமலேயே விட்டுவிட நேரிடும்.

சேவைத் துறையில் தரவுப் பாதுகாப்பு ஒரு சிக்கலாக உள்ளது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை, 2018 மே 25 முதல் செயல்பாட்டில் உள்ளது. போதுமான பாதுகாப்பு உள்ள நாடு என்ற அங்கீகாரத்தை அது இந்தியாவுக்கு இன்னும் வழங்கவில்லை. எனவே, ஐரோப்பியர்களின் தனிப்பட்ட தரவுகளைக் கையாளும் இந்திய நிறுவனங்கள், ஒவ்வொரு வாடிக்கையாளருடனும் தனி ஒப்பந்தப் பிரிவுகளைச் செய்துகொள்ள வேண்டியுள்ளது. சட்டப் பிரிவு வைத்துள்ள பெரிய நிறுவனங்களால் இதைச் சமாளிக்க முடிகிறது. 20 பேர் பணியாற்றும் புத்தொழில் நிறுவனத்துக்கு இது சுமையாகிறது. இந்தியாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் நிறைவேறி, அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டுள்ளன. அவை எவ்வாறு செயல்படுத்தப்படுகின்றன என்பது, எதிர்கால அங்கீகாரத்துக்கு முக்கியக் காரணியாக இருக்கும்.

உரையாடல் ஏன் தேவை?

இத்தகைய இடைவெளிகளை நிரப்பவே தொழில் உரையாடல் மேடைகள் தேவைப்படுகின்றன. பெங்களூருவில் இவற்றுக்குக் குறைவில்லை. 1996 முதல் எலஹங்கா விமானப்படைத் தளத்தில் ஏரோ இந்தியா கண்காட்சி நடைபெறுகிறது. 1998-இல் தொடங்கிய தகவல் தொழில்நுட்ப மாநாடு, பெங்களூரு தொழில்நுட்ப உச்சி மாநாடாக வளர்ந்துள்ளது. பன்னாட்டு இயந்திரக் கருவிக் கண்காட்சிக்கும் பெங்களூரு களமாக உள்ளது. ஜெர்மனியின் பவேரியா மாநிலம் இங்குத் தனி அலுவலகம் நடத்துகிறது.

மாநாடுகளில் கையெழுத்தாகும் புரிந்துணர்வு ஒப்பந்தங்கள் தலைப்புச் செய்தியாகின்றன. ஆனால், ஒரு வார்ப்படத் தொழிற்கூடம் தனது கார்பன் வெளியீட்டை எவ்வாறு அளவிடுவது, எந்த ஆய்வகத்தின் சான்றை ஐரோப்பிய வாடிக்கையாளர் ஏற்பார், தகராறு எழுந்தால் எங்கு முறையிடுவது போன்ற கேள்விகளுக்கு அங்கு விடை கிடைத்தால்தான் சிறு தொழில்கள் பயனடையும். 1949 முதல் செயல்படும் கர்நாடகச் சிறுதொழில் சங்கம் போன்ற அமைப்புகள் பேச்சுவார்த்தை மேசையில் இடம்பெறுவது இதற்கு உதவும்.

பலருக்குப் பொதுவான கார்பன் அளவீட்டு மையம், தொழிற்பேட்டை அளவில் சோதனை ஆய்வகம், ஆவணங்களைத் தயாரிக்க உதவும் மையம் ஆகியவற்றுக்குப் பெரும் முதலீடு தேவையில்லை. தனித்தனிப் பட்டறைகளால் தாங்க முடியாத செலவை, நூறு பட்டறைகள் பகிர்ந்துகொள்ள முடியும். பீன்யாவில் இருந்து ஒசூர் சில மணி நேரப் பயணத் தொலைவிலேயே உள்ளது. இரு மாநிலத் தொழிற்கூடங்களும் ஒரே ஐரோப்பிய வாடிக்கையாளருக்கு உதிரி பாகங்களை அனுப்பக்கூடிய சூழலில், இதில் கர்நாடகமும் தமிழகமும் இணைந்து செயல்படவும் இடமுண்டு.

ஐரோப்பிய ஒன்றியத்துடனான ஒப்பந்தம் நடைமுறைக்கு வருவதற்கு இடைப்பட்ட காலம், காத்திருப்பதற்கான காலமன்று. வரி நீங்கும் நாளில் ஆவணங்களுடன் தயாராக இருக்கும் தொழிற்கூடத்துக்கே கொள்முதல் ஆணை கிடைக்கும். கார் கொட்டகையில் தொடங்கிய ஒரு நிறுவனம் ஐரோப்பிய மருந்துச் சந்தையை எட்ட 40 ஆண்டுகள் ஆயின. பீன்யாவிலும் ஒசூரிலும் உள்ள பட்டறைகளுக்கு அந்த அளவு கால அவகாசம் இல்லை.